கையெழுத்து வேண்டாம்... கூடப் போங்கள்!

குடி, மனச்சோர்வு, கடன். மூன்றிலும் ஒருசேரச் சிக்கிய நண்பருக்குப் பீன்யாவில் என்ன செய்ய முடியும்?

பெங்களூருவின் பீன்யாவில் பலருக்கு மாதத்தின் மோசமான நாள் 5ஆம் தேதி. தனிநபர் கடன், பைக் கடன், போன் வாங்கிய கடன் என்று பல தவணைகள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்படும் நாள் அது. ஆனால் ஜாப் ஒர்க் பட்டறைகளிலும் சின்ன ஃபேக்டரிகளிலும் சம்பளம் ஏறுவது 7ஆம் தேதி வாக்கில்தான். ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்தில் 7ஆம் தேதிக்குள் கூலி கொடுத்தால் போதும் என்பது 1936ஆம் ஆண்டு கூலி வழங்கல் சட்டத்திலிருந்து தொடரும் வழக்கம். நடுவில் உள்ள இந்த இரண்டு நாளில் தவணை பவுன்ஸ் ஆகிறது. வங்கி ஒரு கட்டணம் பிடிக்கிறது. கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்கு ஒரு அபராதம் போடுகிறது. சம்பளம் ஏறும்போது அதில் ஒரு பகுதி ஏற்கெனவே போயிருக்கிறது.

இதற்குத் தீர்வு ஒன்றும் பெரிதில்லை. தவணைத் தேதியை 10ஆம் தேதிக்கு மாற்றித் தரும்படி ஒரு மனு எழுதிக் கேட்கலாம். பல நிறுவனங்கள் மாற்றித் தருகின்றன. ஆனால் காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிற ஒருவரால், போன் மணி அடித்தாலே வியர்க்கிற ஒருவரால், வாரக்கணக்கில் சரியாகத் தூங்காத ஒருவரால் அந்த ஒரு பக்க மனுவை எழுத முடிவதில்லை. எழுதலாம் என்று அவருக்குத் தோன்றுவதுகூட இல்லை.

இந்தக் கட்டுரை அவருக்காக அல்ல; அந்த மனுவை அவருக்காக எழுதித் தரக்கூடிய நண்பருக்காக.

தும்கூர் சாலையின் இரு பக்கமும்

எழுபதுகளில் உருவான பீன்யா தொழிற்பேட்டை ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. லேத், சி.என்.சி., பிரஸ் ஷாப், பிளேட்டிங், பவுடர் கோட்டிங், கார்மெண்ட்ஸ் என்று ஆயிரக்கணக்கான சிறு, குறு தொழிற்கூடங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கங்களிலிருந்து பஸ் ஏறி வந்து லக்கரே, ராஜகோபால நகர், ஹெக்கனஹள்ளி, தாசரஹள்ளியில் வீடு பிடித்துத் தங்கியவர்களும், அவர்களுக்கு இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இந்தத் தொழிற்பேட்டையின் உழைப்பில் ஒரு பங்கு.

ஊரில் கடன் என்றால் சொந்தபந்தம், சித்தப்பா, மாமா என்று நான்கு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். இங்கே ஷிப்ட்டில் பக்கத்து மெஷினில் நிற்பவர்தான் அந்த நான்கு பேரும். “மச்சி, ஒரு அஞ்சாயிரம் பொரட்டிக் குடு, சம்பளம் வந்ததும் தந்துடறேன்” என்ற பேச்சு முதலில் வந்து சேர்வது அவரிடம்தான். மூன்றாவது முறையும் அது வரும்போது, என்ன செய்வது என்று அவருக்குத் தெரிவதில்லை. பணம் கொடுத்தால் எங்கே போகும் என்று தெரியும். கொடுக்காவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயமும் இருக்கும்.

எது முதலில் வந்தது?

குடித்ததால் கடன் வந்ததா, கடன் வந்ததால் குடித்தாரா? இந்தக் கேள்வியை வீட்டார் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதில் கிடைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் மூன்றும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை. குடி தூக்கத்தைக் கெடுத்து மனத்தைச் சோர்வாக்குகிறது. சோர்ந்த மனம் வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமலே பீரோவுக்கு மேலே போடுகிறது. பிரிக்காத கடிதத்துக்குள் அபராதம் வளர்கிறது. அதை நினைத்தால் மறுபடி குடிக்கத் தோன்றுகிறது.

கடனும் மனநோயும் சேர்ந்தே காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தியாவில் இதன் அளவைப் புரிந்துகொள்ள இரண்டு கணக்கெடுப்புகள் போதும். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்ததைக் கண்டது. மதுப் பிரச்னை உள்ளவர்களில் 86 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019இல் வந்தது. நாட்டில் ஏறக்குறைய 2.9 கோடிப் பேர் மதுவைச் சார்ந்தே வாழும் நிலையில் இருக்கிறார்கள். அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைத் தொட்டிருக்கிறார் என்றது அது.

38இல் ஒருவர். மற்ற 37 பேரையும் சுற்றி நண்பர்கள் இருக்கிறார்கள்.

கர்நாடகத்தில் 2007 ஜூலையில் சாராயம் தடை செய்யப்பட்டது. சாராயப் பாக்கெட் போன இடத்தில் 90 மில்லி டெட்ரா பாக்கெட் வந்து உட்கார்ந்தது. சட்டைப் பையில் அடங்கும். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்குக் காலையிலேயே கிடைக்கும். பக்கத்திலேயே இன்னொரு போதையும் வளர்ந்தது: போனில் ரம்மி, பந்தயம். ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுத்து 2021இல் கர்நாடகம் கொண்டுவந்த சட்டத்திருத்தத்தை 2022 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. அந்தச் சட்டத்தில் ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை; ஆட்டம் நடத்துகிறவருக்குத்தான் தண்டனை. அதனால், “வெளியே சொன்னால் போலீஸ் பிடிக்குமோ” என்று நண்பர் பயந்தால், அந்தப் பயம் தேவையில்லை என்று சொல்லுங்கள்.

முதல் வேலை கணக்கு அல்ல

கடன்காரருக்கு உதவி என்றால் நோட்டும் பேனாவும் எடுத்து உட்காரத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் அவர் உயிருக்கு ஆபத்து இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும்.

“செத்துப் போயிடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பி விட்டதாக ஆகும் என்பது பொதுவான பயம். மனநல மருத்துவர்கள் அதை ஏற்பதில்லை. கேட்பதால் பெரும்பாலும் பாரம் குறையும் என்கிறார்கள். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். 14416க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆகவே கேஸ் ஆகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆபத்து, திடீரென்று குடியை நிறுத்துவது. தினமும் நிறையக் குடிப்பவர் கோயிலில் சத்தியம் செய்துவிட்டோ, கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டோ ஒரே நாளில் நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்றாம் நாளில் குழப்பமும் இல்லாததைப் பார்க்கிற நிலையும் வரலாம். உயிரே போகலாம். குடி நோயாளியை வீட்டுக்குள் பூட்டி வைத்துத் திருத்துவது வைத்தியம் ஆகாது. அவர் அறியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று விளம்பரம் செய்யப்படும் மருந்துகளும் அப்படித்தான். டைசல்ஃபிராம் போன்ற மருந்து உள்ளே இருக்கும்போது, அது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து நிலைமை கைமீறிப் போகும்.

எங்கே போவது? பீன்யாக்காரருக்கு இரண்டு கதவுகள் எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

ஒன்று இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு, சம்பளத்திலிருந்து 0.75 சதவீதம் பிடித்து, முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். பீன்யாவிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது, ராஜாஜி நகரில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மருந்துக்குக் காசு கிடையாது. பலருக்குத் தெரியாதது, லீவு போட்டாலும் பணம் உண்டு என்பது. தகுதிக்குரிய சந்தா நாள்கள் இருந்தால் நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நீண்ட கால நோய்களுக்கென்று இ.எஸ்.ஐ. வைத்திருக்கும் 34 நோய்ப் பட்டியலில் கடும் மனச்சோர்வின் ஒரு வகையும் இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர்ந்து சந்தா கட்டிய தொழிலாளிக்கு அதில் 80 சதவீதம், நீண்ட நாளுக்குக் கிடைக்கும். “லீவு போட்டா சோத்துக்கு என்ன பண்றது?” என்ற கேள்விக்கு ஓரளவு பதில் இது. இதற்கான படிவத்தை எடுத்துக்கொண்டு அலைய ஓர் ஆள் வேண்டும். அது நண்பரின் வேலை.

இன்னொன்று, ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ். பச்சைத் தட மெட்ரோவில் ஏறி லால்பாகில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ தூரம். போதை மருத்துவத்துக்கென்று தனி மையம் அங்கே இருக்கிறது. கேமிங், இணைய அடிமைத்தனத்துக்கு 2014 முதல் தனி கிளினிக்கும் நடக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டுப் போட வேண்டும். அன்றைய நாள் முழுக்க அங்கேயே கழியும் என்று நினைத்துக்கொண்டு போங்கள். காத்திருக்கும்போது ‘சும்மா ஒரு டீ குடிச்சிட்டு வரேன்’ என்று வெளியே போகிறவர் திரும்பாமல் போவது உண்டு. அந்த டீக்கும் கூடப் போக வேண்டும்.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், அது மாநில மனநல ஆணையத்தில் பதிவானதா என்று முதலில் கேளுங்கள். சட்டப்படி அது கட்டாயம். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கும் இடம் வேண்டாம்.

மருத்துவரிடம் குடி, சோர்வு இரண்டையும் சொல்ல வேண்டும். சிலருக்குக் குடியை விட்ட சில வாரங்களிலேயே சோர்வு தணியும். சிலருக்கு அதற்கென்று தனியாக மாத்திரை தேவைப்படும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாள் “ஒண்ணும் ஆகல” என்று அவர் நிறுத்தப் பார்ப்பார். அந்தப் பத்தாம் நாளுக்கு நண்பர் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை

சிகிச்சை தொடங்கி, கை நடுக்கம் நின்று, கொஞ்சம் தூக்கம் வந்த பிறகுதான் கணக்கு. கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனைத் தொழிலாளியை வைத்துக்கொள்வோம். வி.எம்.சி. மெஷின் ஓட்டுபவர். சம்பளம் 20,000, பிடித்தம் போகக் கைக்கு 18,500. “மொத்தம் எவ்வளவு கடன்?” என்று கேட்டால், “அஞ்சாறு லட்சம் இருக்கும், விடு” என்பார். பீரோ மேலே கிடக்கும் கடிதங்களைப் பிரித்து, போனில் உள்ள எஸ்.எம்.எஸ்.களைப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தாளில் எழுதுங்கள்.

வங்கித் தனிநபர் கடன் மீதி 1,20,000. மாதத் தவணை 5,200.
மனைவி பெயரில் மகளிர் சங்கக் கடன் மீதி 35,000, வாரம் 700.
மூன்று லோன் ஆப்களில் 18,000.
மீட்டர் வட்டிக்காரரிடம் 30,000. நூற்றுக்குப் பத்து வட்டி, அதாவது மாதம் 3,000 வட்டி மட்டும்.
நகை அடகு 40,000. வட்டி மாதம் 400.
கூட வேலை பார்ப்பவர்களிடம் கைமாற்று 25,000.

கூட்டினால் 2,68,000. அஞ்சாறு லட்சம் இல்லை. பயத்தில் இருப்பவரின் மனக்கணக்கு பெரும்பாலும் இப்படி ஊதிப் பெருத்துத்தான் இருக்கும். தாளில் ஏறிய கடனுக்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது.

அடுத்த தாளில் மாதச் செலவு. வாடகை 5,000, சாப்பாடு, கேஸ் 6,000, பள்ளிக்கூடம், பஸ், மற்றவை 2,000. ஆக 13,000. கையில் மிஞ்சுவது 5,500. தவணை, வட்டி எல்லாம் சேர்ந்து கேட்பது 11,400. குடிக்கு நாளைக்கு 200 ரூபாய் என்றால் மாதம் 6,000. ஆக மாதாமாதம் துண்டு விழுவது 11,900 ரூபாய். இந்தத் துண்டை அடைக்கத்தான் ஒவ்வொரு மாதமும் புதிதாக ஓர் ஆப் கடன்.

குடி நின்றால் துண்டு 5,900 ஆகக் குறைகிறது. கவனியுங்கள்: பாதிதான் குறைகிறது. “குடியை விட்டா எல்லாம் சரியாயிடும்” என்று வீட்டில் சொல்வது பாதி உண்மை. இந்தப் பாதி உண்மையை முழுதாக நம்பிக் குடியை விட்டவர், மூன்றாம் மாதமும் போன் மிரட்டல் நிற்காதபோது, “விட்டும் என்ன ஆச்சு?” என்று மறுபடி பாரில் போய் உட்காருகிறார். இன்னொரு பாதியைக் காகிதத்தில்தான் குறைக்க வேண்டும். மருந்தும் மனுவும் சேர்ந்தே நடக்க வேண்டியது இதனால்தான்.

வங்கிக் கடனை 15 சதவீத வட்டியில் 60 மாதமாக நீட்டித் தர ஒத்துக்கொண்டால் தவணை 2,855 ஆகும். மொத்தமாகக் கட்டும் தொகை கூடும்தான். ஆனால் இந்த மாதம் மூச்சு விடலாம். மீட்டர் வட்டியும் நின்றால் துண்டு 555 ரூபாய். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. இவர் சம்பளத்துக்கு மாதத்தில் மூன்று மணி நேர ஓ.டி. போதும். ஆப் கடனுக்கும் மீட்டர் வட்டி அசலுக்கும் போனஸ். கைமாற்றுக் கொடுத்தவர்களிடம் ஒரு வருட அவகாசம். கணக்கு அழகாக இல்லை, ஆனால் நடக்கக்கூடியது.

யாருக்கு முதலில்?

அதிகமாகச் சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுப்பது மனித இயல்பு. அந்த இயல்பு இங்கே தப்பான வரிசையைத் தரும். வாடகை, அரிசி, மருந்து, மின்கட்டணம் முதலில். பிறகு ஏலத்துக்குப் போகும் நகை. பிறகு சங்கக் கடன், ஏனென்றால் அதில் அவர் மனைவியின் மானமும் அதே தெருவில் இருக்கும் மற்றப் பெண்களின் நிம்மதியும் கலந்திருக்கின்றன. பிறகு வங்கி.

மீட்டர் வட்டி, தண்டல் இரண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். 10,000 என்று சொல்லி 8,500 கையில் கொடுத்து, நூறு நாள் நாளைக்கு நூறு ரூபாய் வாங்கும் தண்டலின் ஆண்டு வட்டி ஏறக்குறைய 120 சதவீதம். மீட்டர் வட்டியின் பத்து வட்டியும் அதே 120தான். அநியாய வட்டிக்கு எதிராக கர்நாடகத்தில் 2004லேயே சட்டம் வந்துவிட்டது. 2025இன் தொடக்கத்தில் மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல் கெடுபிடிக்குப் பயந்து கர்நாடகத்தின் பல கிராமங்களில் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறியபோது, அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் தாவர்சந்த் கெலாட் முதலில் திருப்பி அனுப்பி, பிப்ரவரி 12ஆம் தேதி ஒப்புதல் தந்தார். அடுத்த மாதம் சட்டசபையிலும் நிறைவேறியது. மிரட்டி, அவமானப்படுத்தி, வீட்டு வாசலில் உட்கார்ந்து வசூலித்தால் 10 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பதிவோ உரிமமோ இல்லாதவர் நலிந்த பிரிவினருக்குக் கொடுத்த கடன், வட்டியோடு தீர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது அது. தமிழ்நாடும் அதே ஆண்டு ஏப்ரலில் தன் பங்குக்கு ஒரு சட்டம் நிறைவேற்றியது.

சட்டம் தாளில் இருக்கிறது. மீட்டர் வட்டிக்காரர் தெருமுனையில் இருக்கிறார். ஆகவே நண்பர் தனியாகப் போய்ப் பேச வேண்டாம். இதுவரை கொடுத்த வட்டியைத் தேதியோடு எழுதிக்கொண்டு சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, இலவச வக்கீல் உதவி பெறத் தகுதியானவர்களில் தொழிற்சாலைத் தொழிலாளியையும் சேர்த்திருக்கிறது. பீன்யாவில் மெஷின் முன்னால் நிற்கும் ஒவ்வொருவருக்கும் அந்த உரிமை இருக்கிறது. அழைக்க வேண்டிய எண் 15100.

வங்கி, கம்பெனிகளின் வசூல் ஆட்களுக்கும் விதி உண்டு. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் நுழையக் கூடாது. பொதுவில் அவமானப்படுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. லோன் ஆப்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடவே கூடாது. மீறினால் அழைப்பு வந்த நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள். முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன். படத்தை மார்ஃபிங் செய்து மிரட்டும் திருட்டு ஆப் என்றால் உடனே 1930, சைபர் கிரைம்.

“ஜெயில்ல போட்டுடுவோம்” என்ற மிரட்டலுக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும். கையில் காசில்லாத காரணத்துக்காகக் கடனாளியைச் சிறையில் தள்ள முடியாது என்று 1980இலேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர். பி.எஃப். பணத்தைக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: செக் திரும்பினாலும், தானாகப் பிடிக்கும் தவணை பவுன்ஸ் ஆனாலும் அது தனிக் குற்ற வழக்காக மாறலாம். கோர்ட் நோட்டீஸ் வந்தால் பீரோ மேலே போடக் கூடாத கடிதம் அதுதான். எதுவுமே முடியாதபோது ‘மஞ்சள் கடுதாசி’ கொடுக்க இன்னமும் 1920ஆம் ஆண்டின் பழைய திவால் சட்டம்தான் வழி. வக்கீல் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

நண்பர் செய்யக் கூடாதவை

ஜாமீன் கையெழுத்து போடாதீர்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவர் கட்டவில்லை என்றால் உங்கள் சம்பளத்தில் கை வைப்பார்கள். பிறகு பக்கத்துப் பக்கத்து மெஷினில் இரண்டு கடனாளிகள் நிற்பீர்கள்.

கடனை மொத்தமாக அடைத்துக் கொடுக்காதீர்கள். சிகிச்சை இல்லாமல் கடன் மட்டும் அடைந்தால், கடன் வாங்கும் தகுதி புதிதாகக் கிடைத்துவிடும். சூதாட்டத்தில் சிக்கியவருக்கு இது இன்னும் ஆபத்து. விட்டதைப் பிடிக்கலாம் என்ற வெறிக்குக் கைமுதல் கொடுத்தது போலாகும். உதவியே ஆக வேண்டும் என்றால் வீட்டு ஓனரிடம் வாடகையாகக் கொடுங்கள், பள்ளியில் ஃபீஸாகக் கட்டுங்கள், அரிசியாக வாங்கிக் கொடுங்கள். கையில் காசாகக் கொடுக்காதீர்கள்; போனில் அனுப்பவும் அனுப்பாதீர்கள்.

அவருடைய ஏ.டி.எம். கார்டை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பணத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதை அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், அவர் சம்மதத்தோடு முடிவு செய்யுங்கள். சம்பளம் ஏறும் கணக்கிலிருந்து மனைவி கணக்குக்கு அன்றே வீட்டுச் செலவு போய்விட வேண்டும், யு.பி.ஐ. வரம்பைக் குறைத்துவிட வேண்டும். மாதத்தில் ஒரு நாள் இருவரும் உட்கார்ந்து அந்தத் தாளைப் புதுப்பிக்க வேண்டும்.

மறுபடி குடித்துவிட்டார் என்றால் அதோடு எல்லாம் போயிற்று என்று கையை உதறாதீர்கள். குடி நோயில் சறுக்கல் வரும். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை ஏறுவது போன்றதுதான் அது. திட்டாமல், மறுநாளே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 1935இல் அமெரிக்காவில் தொடங்கி இந்தியாவிலும் பரவிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை. குடியை விட்டவர்கள் தங்களுக்குள் நடத்தும் கூட்டங்கள் அவை. குடும்பத்தாருக்கு ஆல்-அனான். உங்களுக்கும் ஓர் எல்லை வேண்டும்: நடு ராத்திரி போதையில் வரும் பணப் பேச்சுக்குக் காலையில் பதில் சொல்லலாம். உயிர்ப் பேச்சுக்கு மட்டும் அந்த நொடியே எழுந்திருங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டிய எண்கள்

மனநலம், தற்கொலை எண்ணம்: டெலி-மானஸ் 14416
போதை மீட்பு உதவி: 14446
இலவசச் சட்ட உதவி: 15100
சைபர் மோசடி, ஆப் மிரட்டல்: 1930
ரிசர்வ் வங்கிப் புகார்: 14448

நாட்டுக்கு நோய் வந்தபோது

இவ்வளவையும் ஒரு நண்பர் தலையில் கட்டுவது நியாயமா? இல்லை. இங்கிலாந்தில் 2021 மே மாதம் முதல் ‘மூச்சு விடும் அவகாசம்’ என்று பொருள்படும் ஒரு திட்டம் நடக்கிறது. கடனில் சிக்கியவர் ஓர் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால் 60 நாளுக்கு வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிற்கும். மனநல நெருக்கடிக்காகச் சிகிச்சையில் இருப்பவருக்கு, சிகிச்சை நடக்கும் காலம் முழுவதும், அதற்கு மேலும் 30 நாள், யாரும் கதவைத் தட்ட முடியாது. மனநல நிபுணர் சான்று தந்தால் போதும்.

நம்மால் முடியாதது இல்லை. 2020இல் கொரோனா வந்தபோது மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஆறு மாதத்துக்குத் தவணையை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று மறு வருடம் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நாடு முழுக்க நோய் வந்தபோது தவணைக்கு விடுப்பு கிடைத்தது. ஒரு தொழிலாளிக்கு நோய் வந்து, நிம்ஹான்ஸ் மருத்துவரோ இ.எஸ்.ஐ. மருத்துவரோ கையெழுத்திட்டுச் சான்று தந்தால், அவருக்கு மட்டும் 60 நாள் ஏன் கிடைக்கக் கூடாது? அட்மிட் ஆகியிருப்பவரின் போனுக்கு வசூல் ஆள் கூப்பிடுவதைத் தடுக்க ஒரு சுற்றறிக்கை போதும்.

பீன்யா முதலாளிகள் அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சம்பளத் தேதியை இரண்டு நாள் முன்னுக்குக் கொண்டுவரலாம். குடிக்காகச் சிகிச்சைக்குப் போனவரை வேலையை விட்டு நிறுத்த மாட்டோம் என்று நோட்டீஸ் போர்டில் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டலாம். நன்றாகத் தொழில் தெரிந்த ஓர் ஆபரேட்டரை இழந்து புதிதாக ஒருவரைப் பழக்குவதைவிட அது மலிவு. இதை எந்தப் பட்டறை முதலாளிக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

அரசின் சுற்றறிக்கையும் முதலாளியின் நோட்டீஸும் எப்போது வரும் என்று தெரியாது. தவணை மாற்ற மனு, இ.எஸ்.ஐ. படிவம், சட்ட உதவி விண்ணப்பம் ஆகிய மூன்றும் இந்த வாரமே எழுதக்கூடியவை. உங்கள் நண்பர் அடுத்த முறை ஐயாயிரம் கேட்டால், பணத்துக்குப் பதிலாக உங்கள் வார லீவைக் கொடுங்கள்.